ஊருக்குப் பெயர் வைத்தவன் யார்?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "நியூகினியாம், பாப்புவாவாம்! அது எந்தத் திக்கில் இருக்கிறதென்றே நமக்குத் தெரியாது. அங்கே எவன் எந்தத் தீவுக்கு என்ன பெயர் வைத்தால் நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். எதையும் ஏன் என்று கேட்கிறவர்களிடத்தில்தான் நமக்கும் பேசப் பிரியம். ஆகவே அந்தக் கேள்விக்கு முதலில் ஒரு சங்கதியைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

பொங்கல் வந்தால் வீட்டு வாசலில் கரும்பு கட்டுகிறோமே, அந்தக் கரும்பு எங்கிருந்து வந்தது? அதியமான் என்ற அரசனுடைய முன்னோர்கள் அதை விண்ணுலகத்திலிருந்து கொண்டுவந்தார்கள் என்று நம்முடைய பழைய உரைகள் கதை சொல்லும். விண்ணுலகத்தில் கரும்புக் கொல்லை போட்டவன் யார், தண்ணீர் பாய்ச்சியவன் யார் என்று மட்டும் சொல்லுவதில்லை. பயிர் சாஸ்திரம் படித்தவர்கள் ஆராய்ந்து கண்டது வேறு. காட்டு நாணலாகக் கிடந்ததைப் பொறுக்கியெடுத்து, நட்டுப் பயிராக்கி, தித்திக்கும் கரும்பாக்கியவர்கள் நியூகினித் தீவின் ஜனங்களே. அங்கிருந்துதான் அது தீவு தீவாகக் கைமாறி ஆசியாக் கண்டத்துக்கு வந்து சேர்ந்தது. வாழையைப் பயிராக்கியதிலும் அவர்களுக்கு முக்கியமான பங்கு உண்டு. ஆகவே, நம் வீட்டுக் கல்யாணப் பந்தலில் வாழையாகவும், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் கரும்பாகவும் நிற்கிறவை அந்த ஜனங்களின் கைவேலையோடு சம்பந்தப்பட்டவை. அவர்களைத்தான் 'காட்டுமிராண்டி' என்று உலகம் நானூறு வருஷமாக அழைத்து வந்திருக்கிறது. இப்பொழுது சொல்லுங்கள், அவர்கள் கதையை நாம் கேட்கலாமா, கூடாதா?

நியூகினி என்பது கிரீன்லாந்துக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே பெரிய தீவு. ஆஸ்திரேலியாவுக்கு நேர் வடக்கே கிடக்கிறது. விஸ்தீரணம் சுமார் 7,85,000 சதுர கிலோமீட்டர். அதாவது நம் தமிழ்நாட்டைப்போல் ஆறு மடங்கு. அங்கே மனிதன் குடியேறி ஏறக்குறைய 50,000 வருஷங்கள் ஆகின்றன. தீவின் கிழக்குப் பாதியில் மட்டும் 800 பாஷைகளுக்கு மேல் பேசுகிறார்கள். மலைநாட்டிலே கூக் என்ற சதுப்பு நிலத்தைத் தோண்டிப் பார்த்தவர்கள், சுமார் 7,000 வருஷங்களுக்கு முன்பே மண்ணை மேடு கட்டி வாழை பயிரிட்டதற்கு அடையாளங்கள் கண்டார்கள். பிறகு வடிகால் வெட்டி விவசாயம் செய்ததற்கும் அங்கே தடயம் இருக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சொத்தாக எழுதிக் கொண்டது. இப்படிப்பட்ட தேசத்துக்கு, கப்பலில் வந்தவர்கள் பெயர் வைத்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

கப்பல் தட்டில் நடந்த நாமகரணம்

1526-27-இல் ஷோர்ஷ் டி மெனிசஸ் என்ற போர்ச்சுகீசியன் மொலுக்காத் தீவுகளுக்குப் போகும் வழியில் திசை தப்பி இந்தத் தீவின் மேற்குக் கரையில் ஒதுங்கினான். 'பாப்புவா' என்ற பெயர் அந்தக் காலத்திலிருந்து ஐரோப்பியர் வாயில் வழங்குகிறது. அது மலாய்க்காரர் சொல், சுருட்டை மயிர் என்று அர்த்தம் என்பார்கள் சிலர். இல்லை, பக்கத்துத் தீவுக்காரர் பாஷையிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். எப்படியிருந்தாலும் வெளியில் இருந்தவன் வைத்த பெயர்தான்.

பிறகு 1545-இல் ஓர்ட்டிஸ் டி ரெட்டெஸ் என்ற ஸ்பெயின்காரன் டிடோர் தீவிலிருந்து மெக்ஸிகோவுக்குத் திரும்பிப் போக முயன்று, வடக்குக் கரையோரமாகக் கப்பல் ஓட்டினான். கரையில் நின்ற ஜனங்கள் கறுப்பாக இருந்தார்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கினி என்றொரு பிரதேசம் உண்டு. அங்கேயும் ஜனங்கள் கறுப்பு. இங்கேயும் கறுப்பு. ஆகவே இது 'புதிய கினி' என்று எழுதிக் கொண்டான்! ஒரு ஆற்று முகத்துவாரத்தில் இறங்கி, இந்த மண் ஸ்பெயின் ராஜாவுடையது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தோழர்களே! ஒரு வழிப்போக்கன் நம் வீட்டுத் திண்ணையில் ஒரு நாழிகை உட்காருகிறான். உள்ளே தொட்டிலில் குழந்தை கிடக்கிறது. "இது எங்களூர் முனியன் ஜாடையாக இருக்கிறது, இதற்குப் பெயர் சின்ன முனியன், இது என் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவனை நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் ராஜாக்களின் தரகர்கள் செய்தால் அதற்குச் சரித்திரம் என்றும், கண்டுபிடிப்பு என்றும் பெயர்.

பக்கத்துத் தீவுகளின் கதை இதைவிட வேடிக்கை. 1568-இல் மெண்டானா என்ற ஸ்பெயின்காரன் பெரு தேசத்திலிருந்து புறப்பட்டுக் கிழக்கே இருக்கும் ஒரு தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தான். சாலமோன் ராஜாவுக்கு ஓபீர் என்ற நாட்டிலிருந்து பொன் வந்தது என்று பைபிளில் எழுதியிருக்கிறதல்லவா? அந்த ஓபீர் இதுவாகத்தான் இருக்கும் என்ற பேச்சுப் பரவி, 'சாலமோன் தீவுகள்' என்று பெயர் ஒட்டிக் கொண்டது. எருசலேம் எங்கே, பசிபிக் சமுத்திரம் எங்கே! கப்பல் கப்பலாகப் பொன்னும் கிடைக்கவில்லை. பிறகு இருநூறு வருஷகாலம் அந்தத் தீவுகள் இருக்குமிடமே ஐரோப்பியருக்குத் தெரியவில்லை. மெண்டானாவே 1595-இல் குடியேறுவதற்கு ஆள்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி தேடிப் புறப்பட்டு, அவற்றைக் காணாமல் சாந்தா குரூஸ் தீவில் செத்துப் போனான். பொன் கிடைக்கவில்லை, சாலமோனும் வரவில்லை, ஆனால் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

1700-இல் டாம்பியர் என்ற ஆங்கிலேயன் வந்து ஒரு பெரிய தீவுக்குப் 'புதிய பிரிட்டன்' என்றான். 1767-இல் கார்ட்டரெட் என்பவன் வந்து, அது ஒரே தீவல்ல, நடுவில் ஜலசந்தி இருக்கிறது என்று கண்டு, பிரிந்த துண்டுக்குப் 'புதிய அயர்லாந்து' என்றான். 1768-இல் பூகன்வில் என்ற பிரெஞ்சுக்காரன் ஒரு தீவின் ஓரமாகக் கப்பல் ஓட்டிச் சென்றான். அந்தத் தீவு இன்றைக்கும் அவன் பெயரைத்தான் சுமந்து கொண்டிருக்கிறது. 1873-இல் மோர்ஸ்பி என்ற ஆங்கிலக் கப்பற்படைக் காப்டன் தெற்குக் கரையில் நல்ல துறைமுகம் ஒன்றைக் கண்டான். அவன் தகப்பன் பெயர் பேர்பாக்ஸ் மோர்ஸ்பி. துறைமுகத்தின் வெளிப் பாகத்துக்குப் 'போர்ட் மோர்ஸ்பி' என்றும், உள் பாகத்துக்குப் 'பேர்பாக்ஸ்' என்றும் தகப்பன் பெயரையே இரண்டாக வெட்டி வைத்தான். அந்தக் கரையில் மோட்டு ஜனங்களின் ஊர் ஒன்று இருந்தது. பெயர் ஹனுவாபாடா. அவர்கள் பாஷையில் அதற்குப் 'பெரிய ஊர்' என்று அர்த்தம். பெரிய ஊர் என்று அவர்கள் பெயர் வைத்திருந்த இடத்தில், ஊரே இல்லாததுபோல இவன் பெயர் வைத்தான்.

மேற்குப் பாகத்தில் வானளாவிய மலையொன்று இருக்கிறது. 1623-இல் கார்ஸ்டென்ஸ் என்ற டச்சுக்காரன் கடலிலிருந்தே அதன் உச்சியில் உறைபனியைப் பார்த்து எழுதினான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பனியா என்று ஐரோப்பாவில் நகைத்தார்களாம். பிறகு உண்மை என்று தெரிந்ததும் மலைக்கு அவன் பெயரையே வைத்தார்கள். அந்த மலையடியில் வாழும் அமுங்மே ஜனங்கள் அதற்கு நெமங்காவி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பனி தினமும் கண்ணில் படுகிற சங்கதி. அதைக் 'கண்டுபிடிக்க' அவர்களுக்கு ஒரு கப்பல் தேவைப்படவில்லை.

பெயருக்குப் பின் கொடி, கொடிக்குப் பின் கம்பெனி

"சரி, பெயர் வைத்தான், வைத்துவிட்டுப் போகட்டுமே! அதனால் அவர்கள் சோறு குறைந்து போயிற்றா?" என்று கேட்பீர்கள். பெயரோடு நின்றிருந்தால் நாமும் இவ்வளவு நேரம் பேசமாட்டோம். பெயர் வைப்பது என்பது பட்டா மாற்றுவதற்கு முன்னால் நடக்கிற சடங்கு. பெயர் படத்தில் ஏறும், படம் மேஜையில் ஏறும், மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கத்தரிக்கோலை எடுப்பார்கள்.

1828-இல் டச்சுக்காரர்கள் மேற்குக் கரையில் ஒரு கோட்டை கட்டி, 141-ஆவது தீர்க்கரேகைக்கு மேற்கே உள்ளது தங்களுடையது என்றார்கள். கோட்டையில் இருந்தவர்களை நோய் வாரிக்கொண்டு போயிற்று. சில வருஷங்களில் கோட்டையைக் கைவிட்டு ஓடினார்கள். ஆனால் கோட்டை போனாலும் கோடு போகவில்லை!

1883-இல் ஆஸ்திரேலியாவில் உள்ள குயின்ஸ்லாந்து சர்க்கார் ஒரு மாஜிஸ்திரேட்டை அனுப்பிப் போர்ட் மோர்ஸ்பியில் கொடியேற்றிக் கிழக்குப் பாகம் எங்களுடையது என்றது. லண்டன் ஒப்புக்கொள்ளவில்லை. மறுவருஷமே ஜெர்மனி வருகிறது என்றதும் லண்டனுக்கு அவசரம் பிறந்துவிட்டது. 1884 நவம்பர் 3-இல் ஜெர்மானியர் வடகிழக்குத் தீவுகளில் கொடியேற்றினார்கள். நவம்பர் 6-இல் எர்ஸ்கின் என்ற ஆங்கிலக் கப்பற்படைத் தலைவன் போர்ட் மோர்ஸ்பியில் கொடியேற்றினான். அந்த விழாவிலே ஹனுவாபாடாவைச் சேர்ந்த போவாகி என்ற பெரியவரை அழைத்து, அவரைத் தலைவன் என்று சொல்லி, மகாராணியின் தலை பொறித்த வெள்ளிக்காசு பதித்த ஒரு கருங்காலித் தடியைக் கையில் கொடுத்தார்கள். தேசத்தை இவன் எடுத்துக் கொண்டான். தடியை அவர் வாங்கிக் கொண்டார். உலகத்தில் இதைவிட லாபமான கிரயம் எங்கேயாவது நடந்ததுண்டா?

பிறகு 1885-இல் இங்கிலாந்தும் ஜெர்மனியும் பேசிக் கிழக்குப் பாதியை இரண்டாக்கிக் கொண்டன. மூன்று எஜமானர்கள், ஒரு தீவு. அந்தக் கோடுகள் யார் தோட்டத்தின் வழியாகப் போகின்றன, யார் சம்பந்தி வீட்டைப் பிரிக்கின்றன என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. ஏனெனில் கோடு போட்டவர்கள் உள்நாட்டைக் கண்ணால் கண்டவர்களே அல்லர்.

ஜெர்மானியர் வந்ததும் மறுபடியும் நாமகரணம் தொடங்கிவிட்டது. பெரிய நிலப்பகுதிக்குச் சக்கரவர்த்தியின் பெயரால் 'கெய்சர் வில்லெம் நாடு'. தீவுக் கூட்டத்துக்கு மந்திரியின் பெயரால் 'பிஸ்மார்க் தீவுகள்'. 'புதிய பிரிட்டன்' என்பது 'புதிய பொமரேனியா' ஆயிற்று. 'புதிய அயர்லாந்து' என்பது 'புதிய மெக்லென்பர்க்' ஆயிற்று. அந்தச் சக்கரவர்த்தியும் அந்தப் பக்கம் வந்ததில்லை. அந்த மந்திரியும் வந்ததில்லை. ஆள வந்ததோ பெர்லின் பணக்காரர்கள் நடத்திய 'நியூகினிக் கம்பெனி'. நம் முன்னோர்களுக்குக் கம்பெனி ஆட்சி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் கம்பெனி புகையிலை, தென்னைத் தோட்டங்கள் போட்டது. சீனாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கூலிகளைக் கப்பலேற்றியது. மலேரியாவில் கூலியும் செத்தான், துரையும் செத்தான். லாபம் வராமற் போகவே 1899-இல் கம்பெனி ஆட்சியை ஜெர்மன் சர்க்காரிடம் ஒப்படைத்து, நாற்பது லட்சம் மார்க்கு நஷ்டஈடு பேசிக் கொண்டது. நிலத்துக்குச் சொந்தக்காரனுக்கு? அவனுக்கு ஏது நஷ்டம்! அவன்தான் அந்தக் கணக்கிலேயே இல்லையே!

கரும்பு தந்தவன் கரும்பு வெட்டினான்

முதலில் கரும்பைப் பற்றிச் சொன்னோமல்லவா? அதை இப்பொழுது நினைத்துக் கொள்ளுங்கள். குயின்ஸ்லாந்தில் வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய கரும்புத் தோட்டங்கள் போட்டார்கள். வெட்டுவதற்கு ஆள் வேண்டும். 1863 முதல் நாற்பது வருஷத்தில் பசிபிக் தீவுகளிலிருந்து 60,000-க்கும் மேற்பட்ட ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். விரும்பிப் போனவர்களும் உண்டு. ஏமாற்றிக் கொண்டுபோனதும், பிடித்துக் கொண்டுபோனதும் உண்டு. 1883, 84-ஆம் வருஷங்களில் அந்த ஆள்பிடி கப்பல்கள் நியூகினியை அடுத்த தீவுகளுக்கும் வந்தன. 1883-இல் குயின்ஸ்லாந்து கொடியேற்றியதும் இந்தக் கூலிக்காகத்தானோ என்ற சந்தேகம் அப்பொழுதே எழுந்தது.

'ஹோப்புல்' என்றொரு கப்பல். 'நம்பிக்கை நிறைந்தது' என்று அர்த்தம். பெயரைப் பாருங்கள்! 1884-இல் அந்தக் கப்பல்காரர்கள் தீவுக்காரர்களைக் கொன்றும் பிடித்தும் கொண்டுவந்த சங்கதி கோர்ட்டுக்கு வந்தது. இரண்டு பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வெள்ளையர் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து கூக்குரலிட்டதன்மேல் தண்டனை குறைக்கப்பட்டு, 1890-இல் விடுதலையும் கிடைத்துவிட்டது. 1885-இல் உட்கார்ந்த விசாரணைக் கமிஷன் நூற்றுக்கணக்கான கூலிகளை விசாரித்து, மூன்று வருஷ ஒப்பந்தம் என்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்று கண்டது. எஞ்சியவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

எந்த ஜனங்களுடைய முன்னோர்கள் கரும்பை உலகத்துக்குக் கொடுத்தார்களோ, அந்த ஜனங்களையே ஏமாற்றிக் கொண்டுபோய் அந்நியன் தோட்டத்தில் அந்தக் கரும்பையே வெட்ட வைத்தார்கள். இதை நாகரிகம் கற்பித்தது என்று புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். இனிமேல் சர்க்கரையைக் கையில் எடுக்கும் பொழுது இதையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

எஜமானன் மாறினான், பலகை மாறியது

நிற்க. 1906-இல் ஆங்கிலேயன் தன் பங்கை ஆஸ்திரேலியாவிடம் கொடுத்தான். அதற்குப் 'பாப்புவா' என்று பெயர். 1914-இல் யுத்தம் வந்ததும் ஆஸ்திரேலியா ஜெர்மன் பங்கையும் பிடித்துக் கொண்டது. 1920-இல் சர்வதேச சங்கம் அதை ஆஸ்திரேலியாவின் பாதுகாப்பில் ஒப்படைத்தது. உடனே பொமரேனியா மறுபடியும் பிரிட்டன் ஆயிற்று. மெக்லென்பர்க் மறுபடியும் அயர்லாந்து ஆயிற்று. பலகை எழுதுகிறவனுக்குத்தான் நல்ல வேலை!

மலைநாட்டில் மனிதரே இல்லை என்று வெள்ளையர் எண்ணிக் கொண்டிருந்தார்கள். 1930 முதல் 1933 வரை லீஹி சகோதரர்கள் முதலியோர் பொன் தேடி உள்ளே போனார்கள். போய்ப் பார்த்தால் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகத் தோட்டமும் வேலியும் வீடுமாக லட்சக்கணக்கான ஜனங்கள்! ஐம்பது வருஷமாக அந்த நிலத்துக்குக் கொடி ஏற்றி, கோடு போட்டு, பெயர் வைத்து, கை மாற்றி, சர்வதேச சங்கத்தில் சாசனமும் வாங்கியிருந்தார்கள். அங்கே ஆள் இருக்கிறார்கள் என்பதே தெரியாது! இதைவிட அந்த உரிமையின் யோக்கியதைக்கு வேறு சாட்சி வேண்டுமா?

1942 ஜனவரியில் ஜப்பானியர் ரபவுல் துறைமுகத்தைப் பிடித்தார்கள். அந்த யுத்தத்தில் நம்மவரும் அந்த மண்ணை மிதித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் நியூகினிக்கும் புதிய பிரிட்டனுக்கும் கொண்டுபோய் ஜப்பானியர் சுமை தூக்க வைத்தார்கள். பட்டினியாலும் நோயாலும் அடியாலும் அவர்களில் ஏராளமானவர்கள் அங்கேயே மடிந்தார்கள். ஆகவே, "அந்தத் தீவுக்கும் நமக்கும் என்ன?" என்ற கேள்விக்கு அந்தக் காட்டில் புதைந்த எலும்புகளும் பதில் சொல்லும்.

அந்த ஜனங்களுடைய மூடநம்பிக்கையைப் பற்றி ஐரோப்பாவில் நிறையப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்கும் சாமான்கள் தங்கள் முன்னோர்கள் அனுப்பியவை என்றும், வெள்ளையன் அதை நடுவில் பிடுங்கிக் கொள்ளுகிறான் என்றும் சில ஊரார் நம்பினார்கள். சாமான் வந்து சேரும் என்று களஞ்சியம் கட்டிக்கொண்டு காத்திருந்தவர்களும் உண்டு. பாதிரிமார் பைபிளின் முதல் பக்கத்தைக் கிழித்து ஒளித்துவிட்டார்கள், சாமான் வருவிக்கும் ரகசியம் அதில்தான் இருந்தது என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. இது மூடநம்பிக்கைதான். நாம் இதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். ஆலை எப்படி ஓடுகிறது, இரும்பு எப்படி உருகுகிறது என்று அவர்களுக்கு யார் காட்டினார்கள்? பாதிரியாரிடம் ஜபம் கேட்டார்கள், துரையிடம் உத்தரவு கேட்டார்கள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவர்கள் வேறு எந்த முடிவுக்கு வரமுடியும்? அன்றியும், பழைய வேதத்தில் படித்த பொன்னைத் தேடிப் பசிபிக் சமுத்திரத்துத் தீவுகளுக்குச் சாலமோன் பெயரைச் சூட்டியவர்கள், முன்னோர்கள் அனுப்பிய சாமானுக்குக் காத்திருப்பவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

விடுவிக்க வந்தவர்களும் கேட்கவில்லை

இதுவரை சொன்னது வெள்ளையன் செய்த அக்கிரமம். வெள்ளையனைத் திட்டுவது சுலபம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நாம் யார் செய்தாலும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும். ஆகவே மேற்குப் பாதியின் கதையையும் கேளுங்கள்.

டச்சு ஆட்சியை எதிர்த்த இந்தோனேசியத் தலைவர்களை 1927 முதல் அந்தத் தீவின் காட்டுக்குள்ளே போவன் டிகுல் என்ற முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஹட்டா, ஷாரிர் போன்றவர்கள் அங்கே கிடந்தார்கள். 1949-இல் இந்தோனேசியாவை விட்டு வெளியேறிய டச்சுக்காரன் மேற்கு நியூகினியை மட்டும் விடவில்லை. ஆகவே, அதுவும் எங்கள் தேசந்தான் என்று இந்தோனேசியர் கேட்டதில் அவர்கள் பக்கத்து நியாயமும் இருந்தது. 'இரியன்' என்ற பெயரை 1946-இல் எடுத்துச் சொன்ன பிரான்ஸ் கைசியேப்போ என்பவர் அந்தப் பகுதியைச் சேர்ந்த பியாக் ஜனங்களில் ஒருவர்தான். இதையும் மறைக்கக் கூடாது.

ஆனால் 1961 டிசம்பர் 1-இல் அங்குள்ள ஜனங்களின் பிரதிநிதிகள் 'மேற்குப் பாப்புவா' என்று தாங்களே தேர்ந்த பெயரோடு, விடிவெள்ளி பொறித்த கொடியையும் ஏற்றினார்கள். மறுவருஷம் ஆகஸ்ட் 15-இல் நியூயார்க்கில் டச்சுக்காரரும் இந்தோனேசியரும் உடன்படிக்கை செய்தார்கள். யாருடைய தேசத்தைப் பற்றிய உடன்படிக்கையோ அவர்கள் அதில் ஒரு கட்சியாக இல்லை. ஐக்கிய நாடுகள் சபை சில மாதம் ஆண்டு, 1963 மே 1-இல் இந்தோனேசியாவிடம் ஒப்படைத்தது. பின்னால் ஜனங்களின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்றும், வயது வந்த ஆண் பெண் எல்லோருக்கும் அதில் கலந்துகொள்ளும் தகுதி உண்டு என்றும் அந்த உடன்படிக்கையில் எழுதியிருந்தது. 1969-இல் கேட்டார்கள். எத்தனை பேரைக் கேட்டார்கள்? ஏறக்குறைய எட்டு லட்சம் ஜனங்களுக்காகப் பொறுக்கியெடுத்த 1,025 பேரை! ரகசிய ஓட்டு இல்லை. ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட வேறு அபிப்பிராயம் இல்லாத இடத்தில் ஓட்டு நடந்ததா, ஒத்திகை நடந்ததா என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். அன்றியும், அந்த மலையிலுள்ள செம்பை வெட்டியெடுக்க அமெரிக்கக் கம்பெனிக்கு 1967-லேயே ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஜனங்களைக் கேட்டது 1969-இல்!

பெயர்களின் கதியைப் பாருங்கள். டச்சுக்காரன் 'ஹாலண்டியா' என்று வைத்த தலைநகரம் 'கோட்டா பாரு' ஆகி, 'சுகர்ணபுரா' ஆகி, கடைசியில் 'ஜெயபுரா' ஆயிற்று. கார்ஸ்டென்ஸ் மலை சுகர்ணோ சிகரமாகி, ஜெய சிகரமாயிற்று. 1973-இல் நாடே 'இரியன் ஜெய' ஆயிற்று. ஜெயம் என்றால் வெற்றி என்பதும், புரம் என்றால் ஊர் என்பதும் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நம் காதில் தினமும் விழுகிற அதே சமஸ்கிருதச் சொற்கள் ஜாவா வழியாக அவ்வளவு தூரம் போய், அந்த ஊருக்கு வெற்றி நகரம் என்று பலகை மாட்டியிருக்கின்றன. வெற்றி என்றால் ஜெயித்தவன் ஒருவன் இருக்க வேண்டும். தோற்றவன் ஒருவன் இருக்க வேண்டும். டச்சுக்காரனை ஜெயித்ததற்குத்தான் அந்தப் பெயர் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த ஊரில் நிரந்தரமாகக் குடியிருப்பவன் டச்சுக்காரன் அல்லவே!

2000-இல் ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித் பாப்புவா என்ற பெயர் திரும்பிவர இடங்கொடுத்தார். 2001-இல் இயற்றிய தனிச் சட்டம் அதை உறுதி செய்தது. பிறகு அந்த நிலத்தை மாகாணம் மாகாணமாகப் பிரித்து, 2022-இல் ஆறு மாகாணங்களாக்கினார்கள். ஆறிலும் பாப்புவா என்ற பெயர் இருக்கிறது. பெயர் திரும்பி வந்தது. அதைக் கேட்டவர்கள் கேட்ட மற்றவை வந்தனவா என்பதுதான் பாக்கி.

பெயரில் என்ன இருக்கிறது?

முடிவாக ஒரு ஆட்சேபணைக்குப் பதில் சொல்ல வேண்டும். "அந்தத் தீவு முழுமைக்கும் அந்த ஜனங்களிடத்திலேயே ஒரு பெயர் இல்லையே! ஆயிரம் பாஷைக்காரன் ஆயிரம் பெயர் சொன்னான். ஆகவே வெளியிலிருந்து வந்தவன் ஒரு பெயர் வைத்தான். இதில் என்ன தப்பு?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். முழுத் தீவுக்கும் அவர்களுக்கு ஒரு பெயர் கிடையாது. தேவைப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு ஓடைக்கும், ஒவ்வொரு மேட்டுக்கும், ஒவ்வொரு தோட்டத்துக்கும் பெயர் இருந்தது. பொதுப் பெயர் இல்லையென்பது கேட்டுத் தெரிந்து வைப்பதற்குக் காரணமாகுமே தவிர, கேட்காமல் எடுத்துக் கொள்ளுவதற்குக் காரணமாகாது.

அன்றியும், பெயர் எந்தப் பாஷையில் பிறந்தது என்பதும் முக்கியமல்ல என்பது நமது அபிப்பிராயம். கிழக்குப் பாதி 1975 செப்டம்பர் 16-இல் சுதந்திரமடைந்தது. மைக்கேல் சோமாரே முதல் பிரதம மந்திரியானார். தங்கள் நாட்டுக்குப் 'பாப்புவா நியூகினி' என்றே பெயர் எழுதிக் கொண்டார்கள். இரண்டும் அந்நியன் வைத்த பெயர்தான். ஆனால் தங்கள் அரசியல் சட்டத்தில் தாங்களே எழுதிக் கொண்டார்கள். மேற்கே 1961-இல் கொடியேற்றியவர்களும், மயிரைப் பார்த்து வைத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பெயரையே மார்தட்டிச் சொல்லிக் கொண்டார்கள். இழிவாகச் சொன்ன பெயரை எடுத்துக் கொண்டு அதையே கொடியாக்குவதும் ஒரு சுயமரியாதைதான். ஆகவே கேள்வி, பெயர் நல்லதா கெட்டதா என்பதல்ல. வைக்கிற அதிகாரம் யார் கையில் என்பதுதான்.

பூகன்வில் தீவைப் பாருங்கள். கப்பலில் போனவன் பெயரைத் தாங்கிய அந்தத் தீவில் 1972 முதல் பெரிய செம்புச் சுரங்கம் வெட்டினார்கள். மண்ணும் ஆறும் பாழாயின. 1988 முதல் பத்து வருஷம் யுத்தம் நடந்தது. பிறகு 2019-இல் அங்குள்ள ஜனங்களை ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து, "தனியாகப் போகிறீர்களா?" என்று கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் ஆமென்றார்கள். அந்த ஓட்டே முடிவான தீர்ப்பல்ல, பார்லிமெண்டு அங்கீகரிக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 1768-இல் பெயர் வைத்தார்கள். 2019-இல்தான் அபிப்பிராயம் கேட்டார்கள். இடையில் 251 வருஷம்!

தோழர்களே! படத்தில் அச்சாகியிருப்பதால் ஒரு பெயர் சத்தியமாகிவிடாது. ஏட்டில் எழுதியிருப்பதால் ஒரு கதை சத்தியமாகிவிடாதது போலவேதான் இதுவும். எந்தப் பெயரைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை வைத்தவன் யார்? எப்பொழுது வைத்தான்? அதனால் யாருக்கு என்ன கிடைத்தது? இந்த மூன்றையும் கேட்டால், பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்குகிற உலகப் படம் வேறு விதமாகத் தெரியும். நமக்குக் கரும்பு கொடுத்த ஜனங்களுக்கு நாம் வேறொன்றும் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டாலும், அவர்களைக் காட்டுமிராண்டி என்று சொல்லுகிற வழக்கத்தையாவது இன்றோடு விட்டுவிடலாம்.

நாம் சொன்னதற்காக எதையும் நம்ப வேண்டாம். படத்தை எடுத்துப் பாருங்கள், வருஷங்களைச் சரிபாருங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.